வெள்ளிக்கிழமைக் கோணல்

இருபத்தாறு வயதில் நான் பணி ஓய்வு பெற்றவள். சிரிக்க வேண்டாம். நான் பார்த்த வேலையை இனி ஒரு பெட்டி தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று முடிவான அன்று, எங்கள் கடையை வாங்கிய நீலாய் ஊர்க் கம்பெனி என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியது. மாலை போட்ட பிள்ளைகளுக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இந்தப் பெட்டி செய்யுறத எல்லாம் நீங்க ஒக்காந்து கையால செஞ்சீங்களா? போர் அடிக்கல லா?"

அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். வாய் நிறையக் கேக் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை போய்ப் பார்த்த முதல் ஆள் நான். மலேசியாவில் மந்தினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி, மந்தினில் இடைநிலைப் பள்ளி, சிரம்பானில் கணினி டிப்ளோமா. ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அப்பா, அம்மா இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னை அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரை கொண்டுவந்து விட்டார்கள். அதற்குமேல் நானே நடந்தேன். நடந்து போய்ச் சேர்ந்த இடம், சிரம்பானில் ஒரு கிட்டங்கி.

கிட்டங்கி என்றால் பழைய செட்டியார் வீடு. வட்டித்தொழில் செய்ய வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு இரும்புப் பெட்டகத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்த நீண்ட கூடம். எங்கள் முதலாளி முத்தையாவின் தாத்தா அங்கேதான் தொழில் செய்தார். பேரன் காலத்தில் வட்டி போய், டெலிபோன் வந்தது. கீழே மரத்தடுப்பு போட்ட சின்னச் சின்னக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு ஃபோன். தோட்டத்து ஆள்களும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களும் சாயங்காலம் வந்து தமிழ்நாட்டுக்குப் பேசுவார்கள். சாதாரண லைனில் பேசினால் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டு முடிப்பதற்குள் கூலி கரைந்துவிடும். எங்கள் கடையில் பேச்சு இன்டர்நெட் வழியாகப் போனதால் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லவும் நேரம் கிடைத்தது.

மாடியில் ஓர் அறை. அதில் நான், சர்வர், முருகன் படம், அதன் முன்னால் ஒரு குத்துவிளக்கு. ஏன் முருகனும் சர்வரும் ஒரே அறையில் என்றால், அந்த அறைக்குத்தான் நல்ல பூட்டு இருந்தது. சர்வரை அங்கே வைக்க வேண்டும், படத்தை வேறு எங்காவது மாட்டலாமா என்று ஆரம்பத்தில் கேட்டதற்கு முதலாளி சொன்ன பதில்: "சாமி தாத்தா காலத்துல வந்தவுக. பெட்டி நேத்து வந்தது. யாரு எந்திரிச்சுப் போகணும், நீயே சொல்லு ஆத்தா."

என் வேலையைச் சொல்கிறேன். இன்டர்நெட்டில் பேச்சு முழுசாகப் போகாது. நறுக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டித்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் யாருக்கு, எத்தனை நீளம், வரிசையில் எத்தனையாவது என்று எழுதியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் பிரித்து, வரிசையாக அடுக்கினால் குரல். மேலே எழுதியது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருந்தால் அது கோணல். கோணலைப் பிரிக்கப் போய்ச் சர்வர் திக்குமுக்காடி விழுந்துவிடும். சர்வர் விழுந்தால் எல்லாக் கூண்டும் ஒரே நேரத்தில் செத்துவிடும். கீழேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் வரும். கோணலைக் கண்டுபிடித்து, உள்ளே வருமுன் வடிகட்டுவது என் பொறுப்பு.

கோணல்களை நான் மூன்று சாதியாகப் பிரித்து வைத்திருந்தேன். முதலாவது முட்டாள்: எதிர்ப்பக்கத்து மென்பொருளை எழுதியவன் சரியாக எழுதவில்லை, கெட்ட எண்ணம் கிடையாது. திருத்தி உள்ளே விடலாம். இரண்டாவது நோயாளி: வழியில் அடிபட்டு வந்தது. சத்தமில்லாமல் போட்டுவிடலாம், பேச்சில் ஒரு துளி குறைந்தது யாருக்கும் தெரியாது. மூன்றாவது போக்கிரி: நம்மை விழவைக்க வேண்டுமென்றே அனுப்பப்பட்டது. பெயர் எழுதுகிற கட்டத்தில் நாலு பக்கத்துக்கு ஒரே எழுத்தை நிரப்பி அனுப்புவான். அவனுக்குக் கதவையே சாத்த வேண்டும். மூன்றும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். சம்பளம், எது எது என்று சொல்வதற்குத்தான்.

முதலில் நான் எழுதிய விதி ரொம்பக் கண்டிப்பானது. அளவில் சிறுத்த பொட்டலம் தொடர்ந்து வந்தால் போக்கிரி, அழைப்பையே வெட்டு என்று எழுதினேன். மறுநாள் காலை முதலாளி மாடி ஏறி வந்தார். அவர் ஏறி வருவது ஒரு சடங்கு. கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றுவார், நடுப்படியில் தொண்டையைச் செருமுவார், மேல்படியில் வேட்டியை இறுக்குவார், உள்ளே வந்து, "என்னத்தா, எல்லாம் நேரா இருக்கா?" என்பார். அன்று செருமல் இல்லை.

"ஏன் ஆத்தா, எங்க ஆச்சி கோணலா?"

ஆச்சி என்பது காரைக்குடியில் இருக்கும் அவருடைய அக்கா. தினமும் காலையில் கடையின் முதல் அழைப்பு அந்த அம்மாவுக்குத்தான் போகும்.

"அப்படி இல்ல முதலாளி..."

"மூணு தடவ கட் ஆயிருச்சு. நானும் லைன் சரியில்லன்னு பாத்தா, பக்கத்துக் கூண்டுல ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கான், அந்தப் பக்கமும் பதிலுக்குக் கத்துறாக, அவனுக்கு ஒண்ணும் ஆகல."

சோதித்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால், அவர் பக்கத்துச் சர்வர் 'இங்கே மௌனம்' என்பதற்கு அடையாளமாகச் சின்னப் பொட்டலம் அனுப்பும். என் விதி அதைக் கோணல் என்று எடுத்துக்கொண்டது. அதாவது, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் போக்கிரிகள். இடைவிடாமல் கத்துகிறவர்கள் உத்தமர்கள்.

"ஆச்சி ரொம்ப நேரம் சும்மா இருந்தாங்க முதலாளி. அதான்."

"நான் பேசுறப்ப குறுக்க பேச மாட்டாக. நல்லா வளந்தவுக," என்றார் முதலாளி. "உன் மெஷினுக்குத்தான் வளப்பு சரியில்ல."

விதியைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகு வடிகட்டி நன்றாகவே வேலை செய்தது. இதை நான் தன்னடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் எங்கள் அழைப்புகளை வாங்கி இந்தியாவுக்குக் கடத்திவிடும் கம்பெனியில் பெரிய பெரிய பட்டதாரிகள் இருந்தார்கள். அவர்கள் சர்வர் விழுந்த நாள்களில்கூட என் சர்வர் நின்றது.

வீட்டில் இந்த வேலையை விளக்குவதுதான் சிரமமாக இருந்தது. அப்பாவிடம், "வர்ற பேச்சுல நல்லது எது, கெட்டுப்போனது எதுன்னு பாத்து, கெட்டத வெளிய போடுவேன்ப்பா" என்றேன். அப்பா யோசித்தார். தோட்டத்தில் வெட்டிக் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து எடை போடுகிறவர் கிராணி. "அப்ப நீ கிராணி!" என்றார். "கிராணி இல்லப்பா, இது கம்ப்யூட்டர்." "கம்ப்யூட்டர் கிராணி" என்று முடித்துவிட்டார். ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க அதுதான் என் உத்தியோகம்.

கிட்டங்கியில் எனக்குத் துணை லியோங். வயரிங், அறையைக் குளிர வைக்கும் ஏர்கோன், தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர்தான். தோட்டத்து ஓரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் என்னைவிட அழுத்தமாகத் தமிழ் பேசுவார், என்னைவிட நன்றாகத் திட்டவும் செய்வார். முதலாளியை 'தவுக்கே' என்றும் என்னைத் 'தங்கச்சி' என்றும் கூப்பிடுவார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் முதலாளி மாடி அறையில் முருகனுக்கு விளக்கேற்றிப் பூஜை செய்வார். விளக்கு அணையக்கூடாது என்பதற்காக ஜன்னலைச் சாத்தி, ஏர்கோனை அடைத்து நிறுத்திவிடுவார். பிறகு சாம்பிராணி. பிறகு பாட்டு. முருகனுக்குக் காட்டிய கற்பூரத்தைத் தாத்தாவின் பெட்டகத்துக்கும் சர்வருக்கும் காட்டி, எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம். பல மாதங்களாக அப்படித்தான் நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு கூட்டம் கூடியதால் இரண்டாவது சர்வர் ஒன்றை வாங்கி முதலாவதன் மேலேயே வைத்தோம்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஃபோன். அந்தக் கம்பெனியின் பொறியாளர் ராகவன். சிரிக்காமல் பேசுகிற மனிதர்.

"உங்க பக்கத்திலிருந்து கோணல் பொட்டலங்கள் வருகின்றன."

"எங்க பக்கத்திலிருந்தா? நாங்க வடிகட்டுறவங்க சார்."

"உள்ளே வருவதை வடிகட்டுகிறீர்கள். நான் வெளியே வருவதைச் சொல்கிறேன்."

நான் நம்பவில்லை. நடுவில் எவனோ போக்கிரி எங்கள் பெயரில் அனுப்புகிறான் என்று சொன்னேன். கூட்டமான நேரம் பார்த்து வெள்ளிக்கிழமை மாலை அனுப்புகிறான் என்றால் திட்டமிட்டுச் செய்கிறான் என்றும் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரத்தில் அதே கோணல். ராகவன் இந்த முறை விளக்கம் கேட்கவில்லை. "அவற்றால் எங்கள் சர்வர் இரண்டு முறை விழுந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமையும் வந்தால் சனிக்கிழமை காலை உங்கள் இணைப்பை வெட்டிவிடுவோம்."

சிங்கப்பூர் வெட்டினால் எங்களுக்கு வேறு வழி இல்லை. கூண்டுகள் வெறும் மரப்பெட்டிகள். எனக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டர் கிராணி பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பி வருவதை எத்தனை வீட்டு வாசலில் நின்று பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 'பொம்பளப் புள்ளைய அவ்ளோ படிக்க வச்சானே' என்று அப்பாவிடம் அன்பாக விசாரிப்பவர்களையும் தெரியும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டார்.

"யாரோ கண்ணு வச்சுட்டாக. வெள்ளி மட்டும் பத்தாது. செவ்வாயும் விளக்கேத்துவோம்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், வேலை போனாலும் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மூலையில் கிடந்த பையை எடுத்து உதறினார். "வெள்ளிக்கெழம பைய தூக்க நான் வரேன். ஒத்தையில தூக்கிட்டு வராத," என்றார். அது ஆறுதல்தான். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தேன். வெளியே போகும் பொட்டலங்களின் நகல் ஒன்றையும் என் வடிகட்டி வழியாக விட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க ஒரு கோணல் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை வரை ஒன்றும் இல்லை. முதலாளி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார், ஜன்னலைச் சாத்தினார், ஏர்கோனை அடைத்தார், விளக்கை ஏற்றினார். பாட்டு பாதியில் இருக்கும்போது திரையில் முதல் கோணல் விழுந்தது. பிறகு சரசரவென்று விழுந்தது.

அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. போக்கிரி அனுப்புவது பெரிய அட்டகாசமாக இருக்கும். இவை அப்படி இல்லை. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. காய்ச்சல்காரன் கை நடுங்க எழுதியது போல இருந்தது. இது போக்கிரி இல்லை, நோயாளி. யார் நோயாளி என்பது மட்டும் தெரியவில்லை.

முதலாளி சர்வருக்குக் கற்பூரம் காட்டி, திருநீற்றுத் தட்டை அதன் தலையில் வைத்து, "எடுத்துக்க ஆத்தா" என்றார். எழுந்து போய்க் கையை நீட்டினேன். திருநீற்றை எடுக்கும்போது விரல் பக்கத்தில் இருந்த தகட்டில் பட்டது. "ஐயோ" என்று கத்திவிட்டேன். தகடு தோசைக்கல்லாக இருந்தது.

"சாமி வந்துருச்சா?" என்று கேட்டார் முதலாளி, ஆவலோடு.

மறுநாள் லியோங்கிடம் சொன்னேன். ஏர்கோன் நின்றதும் இரண்டு சர்வர்களும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து வெந்துபோகின்றன. சூட்டில் அவற்றின் நினைவு தடுமாறுகிறது. எண்ணை மாற்றி எழுதுகின்றன. எழுதியதைச் சிங்கப்பூருக்கு அனுப்புகின்றன. பூஜை முடிந்து ஏர்கோன் போட்டதும் தெளிந்துவிடுகின்றன.

"அலாமாக்!" என்றார் லியோங். "அப்ப கோணல் கூடக் கூட தவுக்கே பூச கூட்டுறாரு. பூச கூடக் கூட கோணல் கூடுது."

"ஆமா அண்ணே. நேத்தும் சிங்கப்பூர்லருந்து புகார் வந்ததால இன்னிக்கும் விளக்கேத்தப் போறாராம்."

"போயி சொல்லேன்."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா சீனன் சாமியப் பழிக்கிறான்னு ஆகிப்போவும். நீ சொன்னா வேல போவும். நீ சொல்லு லா தங்கச்சி, நீ படிச்ச புள்ள."

சொல்லாமலே தப்பிக்கப் பார்த்தேன். வெளியே போவதற்கும் வடிகட்டி போட்டு, கோணல் எல்லாவற்றையும் இங்கேயே தூக்கி எறிந்துவிட்டால் சிங்கப்பூருக்கு எதுவும் தெரியாது அல்லவா? புதன்கிழமை பூஜையின்போது அப்படியே செய்தேன். சிங்கப்பூர் அமைதியாக இருந்தது. கீழே கூண்டுகளில் பிரளயம். பேச்சில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. தம்பி மகளின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ள பேரச் சொல்லுடா, பேரச் சொல்லுடா" என்று கத்திக் கத்தி, கடைசியில் கூண்டை விட்டு வெளியே வந்து, "எங்கிட்ட மறைக்கிறான். பய ஏதோ தப்பான எடமா பாத்திருக்கான்!" என்று அறிவித்தார். முதலாளி கையில் மணியோடு கீழே ஓடினார். வடிகட்டியை எடுத்துவிட்டேன். நோயாளியின் வாயைப் பொத்தினால் இருமல் நிற்கும், காய்ச்சல் நிற்காது.

வியாழக்கிழமை காலை, அவர் வேட்டியை இறுக்கி உள்ளே வந்து, எல்லாம் நேராக இருக்கிறதா என்று கேட்டதும் சொல்லிவிட்டேன். திரையையும் காட்டினேன்.

"முதலாளி, பூஜையில தப்பில்ல. ஏர்கோன நிறுத்துறதுதான். மெஷினுக்கு மூச்சு முட்டுது."

"ஏர்கோன் ஓடுனா வெளக்கு நிக்காது."

"வெளக்குக்கு ஒரு கண்ணாடிச் சிம்னி வச்சா..."

"சாமி வெளக்குக்குச் சிம்னியா? இது என்ன கள்ளுக்கடையா?"

"அப்ப பூஜை நேரத்துல மட்டும் மெஷின அடைச்சிரலாமா?"

"வெள்ளிக்கெழம அந்தி நேரத்துல கடையச் சாத்தச் சொல்ற. லச்சுமி வந்து பூட்டைப் பாத்துட்டுப் போகவா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "ஆத்தா, இந்த வெளக்கு மூணு தலமுறையா எரியுது. ஜப்பான்காரன் வந்தப்பகூட அணையல."

"ஜப்பான்காரன் ஏர்கோன் போடல முதலாளி."

வாயிலிருந்து வந்துவிட்டது. வாசலில் நின்ற லியோங் குழாயைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்தார். குழாய் அந்தப் பக்கம் கிடையாது.

முதலாளி இறுக்கிய வேட்டியை மறுபடியும் இறுக்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சரி. நாளைக்கு ஏர்கோன் ஓடட்டும். ஆனா ஒண்ணு. வெளக்கு அணைஞ்சுச்சுன்னா, சாமி வேணாங்குதுன்னு அர்த்தம். சிங்கப்பூர்க்காரன் என்ன வெட்டுறது, நானே வெட்டிருவேன். மெஷின வந்த வெலைக்குக் குடுத்துட்டு நான் வேற தொழில் பாத்துக்கறேன். நீயும் பாத்துக்க."

ஆக, வெள்ளிக்கிழமை ஒரு சுடரில் எல்லாம் தொங்கியது. ஏர்கோன் நின்றால் சிங்கப்பூர் வெட்டும். சுடர் நின்றால்தான் முதலாளி வெட்டமாட்டார்.

அன்று மாலை லியோங் முன்னதாகவே ஏணியைப் போட்டு ஏறி, ஏர்கோனின் வாயை அட்டையால் மறித்து, காற்றைச் சர்வர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். கீழே எல்லாக் கூண்டும் நிரம்பியிருந்தது. முதலாளி விளக்கை ஏற்றினார். சுடர் அணையாமல் நின்றது. பாட்டைத் தொடங்கினார். பாட்டைத் தொடங்கினால் நடுவில் வேறு சொல் பேசமாட்டார். என்ன வேண்டுமானாலும் புருவத்தால்தான்.

காற்று சர்வர் மேல் அடித்து, சுவரில் மோதி, திரும்பி விளக்குக்கே வந்தது. சுடர் சாய்ந்தது. முதலாளியின் புருவம் எனக்கு விளக்கைக் காட்டியது. கையை வைத்து மறைத்தேன். போதவில்லை. மூலையில் கிடந்த ஓர் அட்டையை எடுத்தேன். லியோங் ஏணியிலிருந்து, "அட்ட வேணாம், பத்திக்கும்! கண்ணாடி எதுனா கொண்டா தங்கச்சி, கண்ணாடி!" என்றார்.

கீழே ஓடினேன். கடையில் கண்ணாடி என்றால் ஒன்றுதான். வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருந்த என் டிப்ளோமா சர்டிபிகேட். பெரிய சட்டம், முழுக் கண்ணாடி. கழற்றிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்து, விளக்குக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, காற்றுக்கு எதிராக அதைத் தூக்கிப் பிடித்தேன். சுடர் நிமிர்ந்தது. கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்தேன். ஒரு கோணலும் இல்லை. முதலாளியின் பாட்டு ஒரு கட்டை ஏறியது.

கை மரத்துப்போனது. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. அந்தச் சட்டம் இத்தனை கனம் என்று சுவரில் தொங்கும்போது தெரியவில்லை. கற்பூரம் ஏற்றுகிற நேரம். அப்போது கதவு திறந்தது.

அப்பா. மந்தின் பஸ் பிடித்து வந்து, வெறும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கதவோடு படிக்கட்டுக் காற்று மொத்தமும் உள்ளே வந்தது. சுடர் படுத்துவிட்டது. திரி நுனியில் நீலமாக ஒரு பொட்டு மட்டும். பாட்டு நின்றது. லியோங்கின் மூச்சும் நின்றது. நான் சட்டத்தை அப்படியே கதவுப் பக்கம் திருப்பி, உடம்பையும் சேர்த்துக் குறுக்கே வைத்தேன். அப்பா கதவைச் சாத்தினார். நீலப் பொட்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக மஞ்சளாகி, எழுந்து நின்றது.

முதலாளி விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். கற்பூரத் தட்டை முருகனுக்குக் காட்டினார். பெட்டகத்துக்குக் காட்டினார். சர்வருக்குக் காட்டினார். எனக்கும் விளக்குக்கும் நடுவில் சர்டிபிகேட் இருந்தது. நகர்த்தினால் சுடர் போய்விடும் என்பதால் நான் நகர்த்தவில்லை. அவர் கை பழக்கத்தில் அதற்கும் ஒரு சுற்றுக் காட்டியது. பிறகு வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவர், கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

ஃபோன் அடித்தது. லியோங் ஏணியிலிருந்து இறங்கி ஒலிபெருக்கி பொத்தானை அழுத்தினார். ராகவன்.

"இன்று உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இணைப்பு தொடரும். என்ன மாற்றினீர்கள்?"

"காத்தோட்டத்த மாத்தினோம் சார்," என்றேன், மண்டிபோட்டபடியே.

"நல்லது. அப்படியே தொடருங்கள்."

முதலாளி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "கேட்டேல்ல ஆத்தா? தொடரச் சொல்றாக. அடுத்த வாரமும் நீயே புடிச்சுக்க."

"நான் கம்ப்யூட்டர் படிச்சவ முதலாளி."

"அதான் புடிக்கச் சொல்றேன். படிக்காதவுகளுக்கு இம்மாம் பெரிய கண்ணாடி ஏது?"

சரியான ஒரு கண்ணாடிக்கூண்டு செய்து வைத்துவிடலாம் என்று லியோங் வாயைத் திறந்தார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் கதவோரத்திலேயே, செருப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். முருகன் படத்தை அவர் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சர்டிபிகேட்டில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். முதலாளி வைத்த குங்குமம் கிட்டத்தட்ட அதற்கு மேலேயே விழுந்திருந்தது.

காலிப்பையோடு அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பாசார் சந்தையைத் தாண்டினோம். அப்பா மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, மொதலாளி ஓஞ் சர்டிபிகேட்டுக்கு இப்படித்தான் பூச போடுவாரா?"

விளக்கு, காற்று, சூடு, சிங்கப்பூர் என்று எல்லாவற்றையும் வரிசையாக விளக்கியிருக்கலாம். விளக்கத் தெரிந்தவள்தான் நான்.

"ஆமாப்பா," என்றேன். "வெள்ளிக்கெழமைதோறும்."